அப்பா மட்டும் இல்லை

சிட்டு அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆலோசனை அறை நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து, சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, "அடிச்சது அப்பா மட்டும் இல்ல" என்றாள். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. போன வியாழக்கிழமைப் பேச்சு அதோடு நின்று, எல்லோரும் எழுந்து போனார்கள்.

அந்த வீட்டில் அடிக்கக்கூடிய கை இன்னும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது யாருடையது என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

சிட்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவன் 'லிஃப்ட்டு'. கூடவே குடியிருக்கும் அவன் அப்பா சர்ச் சபையின் மூப்பர், நிர்வாகப் பெரியவர்; அதனால் சபையில் அவன் 'மூப்பர் மகன்'. சொந்தப் பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டவர்கள் குறைவு. கோடை முடியும் சமயத்தில் ஒரு மாலை, வீட்டுப்பாடம் என்று ஆரம்பித்த அற்ப விஷயம் வளர்ந்து, ஒன்பது வயது மகளை அறைந்துவிட்டான். அறைந்த வேகத்தில் குழந்தையின் தலை கதவு நிலையில் இடித்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி கத்தவுமில்லை, அழவுமில்லை. காயத்தைத் துடைத்து மருந்து போட்டாள். குழந்தையின் துணிமணிகளை ஒரு பையில் அடைத்தாள். வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சபையில் புதிதாக ஆலோசனை அறை திறந்திருக்கிறார்களே, அங்கே ஆலோசனை சொல்லும் அக்காவிடம் போக வேண்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான்.

அவன் வேண்டாவெறுப்பாகத்தான் போனான். ஒருநாள் அந்த அக்கா, "'பிதாவே'ன்னு ஜெபத்தைத் தொடங்கும்போது உங்க மனசுல யார் முகம் வருது தம்பி?" என்று சாதாரணமாகக் கேட்டார். கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தான். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமல் தானே திரும்பிப் போனான். அந்தக் கேள்விக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லி அவனால் ஜெபிக்க முடியவில்லை. 'ஆண்டவரே' என்று தொடங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

இன்று மறுபடியும் வியாழக்கிழமை.

* * *

காலையில் மூப்பர் சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று வருஷங்களாகியும் அந்த வழக்கம் போகவில்லை. எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். தராசில் ஒரு நூல் குறைந்தாலும் கடையைச் சாத்த வைத்தவர் என்று அவரைப் பற்றி இன்றைக்கும் பேச்சு உண்டு. சபையில் அவர் எழுந்து ஜெபித்தால் கல்லும் கரையும் என்பார்கள்.

அவர் தலை நிமிராமலே பேசினார். இன்றைக்கு மருமகளையும் பேத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் நாலு பேராக உட்கார வேண்டும். பாஸ்டரிடம் பேசியாயிற்று. அந்த ஆலோசனை அறை விஷயமும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வரும்.

"குடும்பத்தைச் சேர்த்து வைக்கத்தான் சபை. பிரிக்கிறதுக்கு ஒரு ரூம் போட்டு, ஃபேனும் போட்டுக் கொடுத்திருக்கோம்" என்றார்.

வாரம் முழுக்க அவன் ஒரு கேள்வியை ஒத்திகை பார்த்திருந்தான். வண்டியில் போகும்போது, குளிக்கும்போது, லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போடும்போது. 'அப்பா, நீங்க சிட்டுவை அடிச்சீங்களா?' அவ்வளவுதான் கேள்வி. குழந்தைகூடக் கேட்டுவிடலாம்.

"அப்பா..."

தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ் நின்றது. மூப்பர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன?"

"ஒண்ணுமில்ல. கேஸ் சிலிண்டரை மூடியாச்சான்னு கேட்டேன்."

"மூடாம இருப்பேனா?"

பன்னிரண்டு மாடி உயரத்தில் வெறும் இருட்டுக்கு மேலே கால் வைத்து நிற்பவனுக்கு, ஒரு பாலிஷ் பிரஷ்ஷுக்கு முன்னால் கேள்வி மாறிப்போனது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். படி இறங்கும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது.

* * *

அன்றைய வேலை ஓர் அலுவலகக் கட்டடத்தில். லிஃப்ட் மாடிக்கு மாடி ஒரு சாண் கீழே நின்று, ஏறி இறங்குகிறவர்களைத் தடுக்கி விழ வைத்துக்கொண்டிருந்தது. கூட வேலை பார்ப்பவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. கைமட்டும் அவ்வப்போது ஓயும்.

மெஷின் ரூமில் ரேடியோ தன் மாமியாரின் முழங்கால் வலியை விலாவாரியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

அவள் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. அவன் படிக்கட்டுக்கு நகர்ந்தான்.

சிட்டு நேற்றுச் சொல்லிவிட்டாள் என்றாள். தூங்க வைக்கும்போது, விளக்கை அணைத்தபிறகு, தானாகவே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா கடையிலிருந்து திரும்பும்வரை தாத்தாவிடம் வேத வசனம் ஒப்பிக்க வேண்டும். தப்பு வந்தால் ஸ்கேலால் அடி. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள், அம்மாவை அழ வைக்கிற பிள்ளையை ஆண்டவருக்குப் பிடிக்காது என்று தாத்தா சொல்லி வைத்திருக்கிறார்.

அவள் குரல் மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"தினமும் குளிப்பாட்டி விடுறேன். கையில, கால்ல, முதுகுல ஒரு கோடு பார்த்ததில்ல நான். அவர் எங்க அடிச்சிருக்கார் தெரியுமா?"

"உள்ளங்கால்ல" என்றான்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் அவனுக்கே உறைத்தது.

மறுமுனையில் கடையின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றாள் மெல்ல. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"சாயங்காலம் அக்கா முன்னாடி சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தவன் ஸ்பேனரை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கீழே வைத்தான். ரேடியோ ஒரு பார்வை பார்த்தார். என்ன தோன்றியதோ, அன்று முதல்முறையாக ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, "நீ போய் உட்காருப்பா, பிரேக்கை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

* * *

ஆலோசனை அறை ஆலயத்தின் பின்பக்கம் இருந்தது. முன்பு பாடகர் குழு வாத்தியங்களைப் போட்டு வைத்திருந்த இடம். மூன்று நாற்காலிகள், ஒரு சின்ன மேஜை, வண்டிகள் நிற்கும் முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அக்கா முன்பு பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். பிறகு படித்து இந்த வேலைக்கு வந்தவர். யாரையும் அவசரப்படுத்தி எதையும் பெற வைக்க முடியாது என்று அங்கே கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

சிட்டு மாமாவோடு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். இன்று அவள் உள்ளே வர வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார்.

"ஜெபத்தோட தொடங்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்" என்று எப்போதும்போலக் கேட்டார் அக்கா.

"அப்புறம் பண்ணலாம்க்கா" என்றாள் மனைவி. "இவர் முதல்ல பதில் சொல்லட்டும்."

அக்கா அவன் பக்கம் திரும்பினார். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நக இடுக்கில் கிரீஸ் இருந்தது.

பாதியைச் சொல்வது கஷ்டமாக இல்லை. தனக்கும் அங்கேதான் அடி விழும் என்றான். கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டும். கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். வெளியே தெரியாது, பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அடித்து முடித்ததும் அப்பா பக்கத்தில் முழங்காலிட்டு அவனுக்காக ஜெபிப்பார். அந்த ஜெபத்துக்கு அவன் ஆமென் சொல்ல வேண்டும். ஆமென் உடைந்து வந்தால், மறுபடியும்.

மனைவியின் முகம் மாறியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இது அவளுக்குத் தெரியாது. அவள் கை மேஜைமேல் அவன் பக்கமாக இரண்டு அங்குலம் நகர்ந்ததை அவன் பார்த்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்தக் கை இன்னும் நகர்ந்து வந்திருக்கும். பாவம் என்று நினைத்திருப்பாள். வீட்டுக்குக்கூட வந்திருப்பாள். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையாட்டவுமில்லை, ஊக்கப்படுத்தவுமில்லை. காத்திருந்தார்.

"இன்னும் இருக்கு" என்றான்.

நக இடுக்கு கிரீஸைச் சுரண்டத் தொடங்கினான்.

"மழை பெஞ்ச ஒரு நாள். நான் வேலை முடிஞ்சு சீக்கிரம் வந்துட்டேன். நீ இன்னும் கடையில இருந்தே. சிட்டு ரூம்ல இருந்து பாத்ரூமுக்குப் போனா. நுனிக்கால்ல நடந்து போனா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு." சுரண்டுவதை நிறுத்தினான். "அப்படி நடந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். பார்த்த நிமிஷமே தெரிஞ்சுது."

"என்ன செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

"டிவி சத்தத்தைக் கூட்டினேன்."

அவள் கை மேஜையிலிருந்து மறைந்தது. எழுந்து ஜன்னலிடம் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பேசியபோது குரல் நடுங்கவில்லை.

"அன்னைக்கு நான் ஊரார் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகை வரவில்லை. அழத் தெரியாதவர்களுக்கு வரும் ஒரு வறட்டு விக்கல் மட்டும் வந்தது.

"அக்கா, இவரை மன்னிக்கணும்னு நீங்களும் சொல்லப் போறீங்களா? பாஸ்டர் ஏற்கெனவே சொல்லிட்டார். நான் மன்னிக்கலைன்னா என் ஜெபமே மேல போகாதாம்."

"சொல்லப் போறதில்ல" என்றார் அக்கா. "மன்னிப்பு பெரிய விஷயம்மா. அது ஆண்டவர் உள்ளே வளர்க்கிறது. நாம அவசரப்பட்டுக் கேட்டா, அது அடிபட்டவங்க வாயில துணியை அடைக்கிற மாதிரி ஆயிடும். இன்னைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். இன்னைக்குக் குழந்தையோட காலைப் பத்திப் பேசுவோம்."

பிறகு அவர் நர்ஸ் குரலுக்கு மாறினார். இனி ஒரு நிமிஷம்கூடக் குழந்தை தாத்தாவோடு தனியாக இருக்கக் கூடாது. அப்பாவோடும் இப்போதைக்குத் தனியாக வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். இந்த அறையில் பேசுவது எதுவும் வெளியே போகாது, ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் தான் மௌனமாக இருக்க முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினார். பாஸ்டருக்குச் சொல்வார். குழந்தைகள் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகத்துக்கும் சொல்வார்.

"அப்பா மூப்பர்க்கா" என்றான் அவன். அது தடுப்பதா, எச்சரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. "உங்க ரூமையே மூடிடுவார்."

"மூடினா மரத்தடியில உட்கார்ந்து பேசுவேன். அது என் கவலை. உங்களுக்கு வேற வேலை இருக்கு தம்பி. உண்மையைச் சொல்லிட்டா தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுக்காதீங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

ஜன்னலருகே நின்றிருந்த மனைவி சட்டென்று விறைத்தாள்.

"அவர் வந்திருக்கார்" என்றாள்.

* * *

முற்றத்தில் மூப்பர் நின்றிருந்தார். பக்கத்தில் பாஸ்டர். படியில் சிட்டுவோடு இருந்த மச்சான், மனைவியின் அண்ணன், வழியில் நின்ற காரை நகர்த்தப் போன அந்தச் சின்ன இடைவெளி போதுமாக இருந்திருக்கிறது. மூப்பர் சிட்டுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முரட்டுப் பிடியெல்லாம் இல்லை. பார்க்கிறவர்களுக்கு, பேத்தியைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் தாத்தாபோலத்தான் இருக்கும்.

ஆனால் சிட்டு நுனிக்காலில் நின்றாள்.

அன்று யாரும் அவளை அடித்திருக்கவில்லை. கால் தானாகவே அப்படி நின்றது.

அவன் எப்படிப் படி இறங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. மனைவியைத் தாண்டி வந்திருந்தான். உடம்பெல்லாம் கொதித்தது. கோபம் வந்தால் முதலில் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். கேலியாகத்தான் கேட்டு வைத்திருந்தான். இப்போது பார்த்தான். வலது உள்ளங்கையில் இருந்தது. விரல்கள் முஷ்டியாக மூடியிருந்தன. ஒவ்வொரு விரலாக விரித்தான். துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கையை விடுங்கப்பா" என்றான்.

மூப்பர் மகனைப் பார்க்காமல் பாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். குடும்ப விஷயம், பேசினால் தீர்ந்துவிடும் என்றார். பாஸ்டரும் ஆமாம் ஆமாம் என்றார். இளம் வயதுக்காரர். நல்லவர்தான். ஆனால் வந்த நாள்முதல் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"விடுங்கப்பா."

"பிரம்பைப் பத்தி வேதம் என்ன சொல்லுதுன்னு உனக்கு நான் சொல்லித்தரணுமா?" மூப்பரின் குரல் ஜெபக் குரலாக உயர்ந்தது. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும். நான் உன்னை அப்படி வளர்த்ததாலதான் நீ இன்னைக்கு மனுஷனா நிக்கிற."

"மனுஷனா நிக்கலப்பா."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மூப்பருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இவ தலையைக் கதவுல இடிக்க வெச்சவன் நான். அது என் தப்பு. அதை உங்க தலையில கட்ட மாட்டேன். ஆனா இந்தப் பிள்ளையோட உள்ளங்காலைப் பத்தி நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னு உங்களுக்கும் தெரியும்."

பாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தவர், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "உள்ளங்காலா?" என்றார். பிறகு குனிந்து குழந்தையின் கால்களைப் பார்த்தார். நுனிக்கால்களைப் பார்த்தார். நிமிர்ந்து மூப்பரைப் பார்த்தார்.

மூப்பர் கையை விட்டார்.

சிட்டு ஓடவில்லை. மெதுவாகப் பின்னால் நடந்து, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் குதிகாலைத் தரையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை இந்த ரூம் இருக்காது" என்றார் மூப்பர், அக்காவைப் பார்த்து.

அக்கா படியிலேயே நின்றிருந்தார். "இன்னைக்கு வியாழக்கிழமைதானேய்யா. இன்னைக்கு இருக்கு. நான் போகிறவரைக்கும் கதவு திறந்துதான் இருக்கும். யாரும் வரலாம்."

"வாங்க பாஸ்டர், போகலாம்" என்று மூப்பர் திரும்பினார்.

பாஸ்டர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "நீங்க போங்கய்யா" என்றார், தரையைப் பார்த்து. அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பிரசங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

மூப்பர் தனியாகப் போனார். ஆனால் வெளிவாசல் பக்கம் போகவில்லை. ஆலயத்தின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

* * *

மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்து, நடந்ததைக் கேட்டுத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். காரை நகர்த்தச் சொன்ன யாரோ ஒருவரைப் பெயர் தெரியாமலே திட்டினார். பிறகு, "மாப்ளே, நீங்களும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்களேன்" என்றார். அவர் சுபாவம் அப்படி. யார் வாடினாலும் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

"வேண்டாம்ண்ணா" என்று மனைவி குறுக்கே வந்தாள். அவனிடம் திரும்பினாள். "நீங்க அவர் கையை விட வெச்சீங்க. பார்த்தேன். அதை மறக்க மாட்டேன். டிவி சத்தத்தையும் மறக்க மாட்டேன். ரெண்டும் எனக்குள்ள இருக்கு. எது ஜெயிக்கும்னு எனக்கே தெரியல."

முன்பெல்லாம் இந்த இடத்தில் அவன் வாதாடியிருப்பான். நான் இவ்வளவு செய்தும் என்று தொடங்கியிருப்பான்.

"சரி" என்றான். "அடுத்த வாரம் நான் வருவேன். நீ வந்தாலும் வராட்டாலும்."

அவள் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

சிட்டு பின்சீட்டில், ஜன்னலோரம் இருந்தாள். அவன் கார்க் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் உயரத்துக்கு முகம் வந்தது. நெற்றியோரத் தழும்பு தெரிந்தது.

"தாத்தா உங்களையும் அடிச்சாராப்பா?"

"ஆமா."

"வலிச்சுதா?"

"ரொம்ப."

அவள் யோசித்தாள். "வலிக்கும்னு தெரிஞ்சும் ஏன் என்னை அடிச்சீங்க?"

உள்ளே அக்கா கேட்ட கேள்வியெல்லாம் கேள்வியே இல்லை என்று தோன்றியது அவனுக்கு. நல்ல பதில் ஒன்றைத் தேடினான். வேலைக் களைப்பு, கோபம், சின்ன வயசு. எல்லாமே உண்மை. எதுவுமே பதில் இல்லை.

"தெரியலடா. அதைக் கண்டுபிடிக்கத்தான் அப்பா இங்க வரேன். ஆனா உன்மேல எந்தத் தப்பும் இல்ல. வசனம் மறந்தாலும், கணக்குத் தப்பானாலும், உன்மேல தப்பில்ல. ஆண்டவருக்கு உன்னைப் பிடிக்காதுன்னு தாத்தா சொன்னதும் பொய்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் சிரிக்கவில்லை. கை நீட்டவும் இல்லை. கார் கிளம்பும்போது கண்ணாடியை ஏற்றத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். தெரு முனையில் திரும்பும்வரை அந்தப் பாதி அப்படியே திறந்திருந்தது.

* * *

வண்டிகள் கிளம்பி முற்றம் வெறிச்சென்று ஆகிவிட்டது. பாஸ்டர் அவனருகே வந்து ஏதோ சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல், அவன் தோளில் கை வைத்துவிட்டு எடுத்தார். அவருக்கு யோசித்து முடிவெடுக்க வேண்டியது நிறைய இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டியில் மூப்பருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

அவனுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வேறெங்கே போவது என்றும் தெரியவில்லை. ரேடியோ வீட்டில் ஒரு பாய் கிடைக்கும், கூடவே மாமியாரின் முழங்கால் புராணமும் கிடைக்கும். பரவாயில்லை என்று நினைத்தபோது, ஆலயத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

மூப்பர் வெளியே வந்தார். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தார் என்று தெரியவில்லை. அவர் ஜெபித்தால் வெளிமுற்றம்வரை கேட்கும். இன்று ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. மகனையும் பாஸ்டரையும் கடந்து போனார். இருவரில் ஒருவரையும் பார்க்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு மட்டும், வசனம் ஒப்பிக்கிற பிள்ளையின் உதடுபோல, சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

ஆலோசனை அறைக்குமுன் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் தட்டினார்.

அக்கா எட்டிப் பார்த்தார். அவர் என்ன கேட்டார், மூப்பர் என்ன சொன்னார் என்று முற்றத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மூப்பர் உள்ளே போனார். திரும்பி, தானே கதவைச் சாத்தினார்.

"கமிட்டி விஷயமா மிரட்டப் போறாரோ?" என்று பாஸ்டர் பதறினார். "நாம உள்ள போகலாமா?"

அவன் கதவுவரை போனான். நின்றான்.

அப்பாவின் குரலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று, சின்ன வயதில் படுக்கையில் கிடந்தபடியே இருமலை வைத்துச் சொல்லிவிடுவான். இப்போது காதைத் தீட்டிக் கேட்டான். அதட்டல் இல்லை. வசனம் இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம் ஒன்று வந்தது. அதன்பிறகு, அவன் தன் ஆயுளில் அப்பாவிடமிருந்து கேட்டே இராத ஒரு விசும்பல்.

அக்காவுக்காகப் பயப்படுகிறானா, அப்பாவுக்காகப் பயப்படுகிறானா என்று தெரியாமல், மூடிய கதவுக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.